கார்டு செக்‌ஷனுக்கு ஆள் எடுத்த கதை

முதலாளி பம்பாய்க்குப் பஞ்சு பேரம் பேசப் போனார். போன இடத்தில் ஒரு பெரிய மில்லைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். அங்கே ஓர் அறையில் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்று இருந்ததாம். கட்டுக் கட்டாக அட்டைகளை ஒரு பக்கம் விழுங்கி, மாதக் கணக்கை மறுபக்கம் அச்சடித்துத் தள்ளியதாம். ஆயிரக்கணக்கான ஆட்களின் வருகைக் கணக்கு, அவர் கையில் இருந்த காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டதாம். ஊர் திரும்பி எங்களையெல்லாம் கூப்பிட்டு இதைச் சொன்னபோது அவர் கண்களை மூடிக்கொண்டார். பழனி முருகனைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் அவர் அப்படிக் கண்ணை மூடுவார். மில்லுக்கு ஏதோ செலவு வரப்போகிறது என்று எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் இருந்த அந்த நூல் மில்லில் நான் கணக்குப் பிரிவு கிளார்க். எங்கள் குடும்பத்துக்குத் தோல் ஷாப் உண்டு. ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்துப் பதனிட்டு மெட்ராசுக்கு அனுப்புகிற தொழில். அத்தாவும் அண்ணன்மார்களும் அதில் இருந்தார்கள். நான் மட்டும் பி.காம். படித்துவிட்டு அந்த வாடைக்குத் தப்பி, மில்லின் பஞ்சுத் தூசிக்கு வந்து சேர்ந்தேன். மில்லில் வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் நான் பாய்தான்.

முதலாளி சொன்ன சில வாரங்களில், இயந்திரத்தை வாடகைக்குத் தரும் கம்பெனியின் இன்ஜினியர் மெட்ராசிலிருந்து வந்தார். கழுத்தில் டை கட்டிய இளைஞர். ஒரு நாள் முழுக்க எங்கள் கணக்குகளைப் பார்த்தார். சாயங்காலம் கிளம்பும்போது, என்ன தேவை என்பதைச் சுருக்கமாகச் சொன்னார். இயந்திரத்துக்கு வயர் போடத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அட்டையில் துளை போட நான்கு பேர், போட்ட துளையைச் சரிபார்க்க இரண்டு பேர். குளிர்ச்சியான ஓர் அறை. ஆறு மாதம் பழைய முறையிலும் புதிய முறையிலும் சேர்த்தே கணக்கு எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் பழையதை விடலாம். அவ்வளவுதான். நான் பார்த்தவரையில் அந்தத் திட்டத்தைப் பற்றி யாரும் பேசிய உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

அந்த இயந்திரம் எப்படி வேலை செய்தது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை. அதில் அவருடைய டோக்கன் எண், எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்பதெல்லாம் வரிசையான கட்டங்களில் துளைகளாக இருக்கும். டைப்ரைட்டர் போன்ற ஒரு கருவியில் எண்ணைத் தட்டினால் துளை விழும். பிறகு வேறொருவர் அதே எண்ணை இன்னொரு கருவியில் மறுபடி தட்டிப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவராவிட்டால் கருவி நின்றுவிடும். அதுதான் சரிபார்த்தல். சரிபார்த்த அட்டைகள் பெரிய இயந்திரத்துக்குள் போகும். எந்தக் கட்டத்தை எதனோடு கூட்ட வேண்டும், எதை எங்கே அச்சடிக்க வேண்டும் என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்வது ஒரு பலகை. பலகை நிறைய ஓட்டைகள். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்கு வயரைச் சொருகுகிறோமோ அதுதான் அதற்குக் கட்டளை. இன்று இந்த வேலையை மென்பொருள் என்கிறார்கள், குளிர்ந்த கட்டடங்களில் உட்கார்ந்து செய்கிறார்கள். அன்று அதற்கு வயர் சொருகுவது என்றுதான் பெயர். அதற்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம், மற்ற கிளார்க்குகள் எல்லோரும் ஷாக் அடிக்கும் என்று மறுத்துவிட்டார்கள்.

இன்ஜினியர் ரயிலேறியதும் முதலாளி ஒரு கமிட்டி போட்டார். மூன்று பேர். ஒருவர் மில் மேனேஜர். ஓய்வு பெறும் காலம் நெருங்கியவர். தாம் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்றால் எதற்கும் சம்மதிப்பார். இரண்டாமவர் தலைமைக் கணக்கர். இயந்திரமே வேண்டாம் என்பது அவர் எண்ணம். அதை வாய்விட்டுச் சொன்னால் முதலாளிக்குப் பிடிக்காது என்பதால், இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனார். கேட்கக் கேட்க முதலாளி மலைத்துப்போய்த் திட்டத்தைக் கைவிடுவார் என்று அவருக்கு நம்பிக்கை. மூன்றாமவர் முதலாளியின் மைத்துனர். ஆயக்குடியில் பெரிய கொய்யாத் தோப்பை நடத்தி வந்தவர். அவருக்குத்தான் திட்ட அதிகாரி என்ற பதவி கிடைத்தது.

கமிட்டி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடும். பேசுவதைக் குறித்துக்கொள்வது என் வேலை. முதல் கூட்டத்தில், புதிய பிரிவுக்குத் தலைவர் யார் என்பதைப் பேசினார்கள். இரண்டாவது கூட்டத்தில், தலைவருக்கு உதவித் தலைவர் வேண்டுமா என்று பேசி, வேண்டும் என்று முடித்தார்கள். மூன்றாவதில் உதவித் தலைவரின் மேசைக்கு இழுப்பறை எந்தப் பக்கம் என்பது. பிறகு பியூன், அவர் லீவு போட்டால் வர இன்னொரு பியூன், குளிர்சாதனப் பெட்டியைப் போட்டு அணைக்க ஓர் ஆள், அட்டைகளை எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், கதவில் நின்று செருப்பைக் கழற்றச் சொல்ல ஓர் ஆள். இன்ஜினியர் கேட்ட ஏழு பேரில், துளை போடுகிறவர்களும் சரிபார்க்கிறவர்களும் தேவைப் பட்டியலின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார்கள். அதே பட்டியலில் நான் மின்சாரச் சாமான்கள் என்ற தலைப்பின் கீழ் இருந்தேன். வயர் என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத் தலைமைக் கணக்கர் என்னை அங்கே சேர்த்திருந்தார். ஏணிக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் நடுவில் நான் இருந்தேன்.

துளை போடப் போகிறவர்களுக்குத் தலைமையாக எங்கள் டைப்பிஸ்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் மிஷன் பள்ளிக்கூட டீச்சரின் மகள். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். அவர் டைப் அடிக்கும்போது பக்கத்து அறையில் இருப்பவர்கள் மழை பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். திண்டுக்கல்லில் மழை என்பது அவ்வளவு சுலபமாக நினைக்கக்கூடிய விஷயம் இல்லை. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். ஆனால் அவர் தாழ்ந்த குரலில் 'சரிங்க சார்' என்று சொன்னால், எதிரில் நிற்பவருக்குத் தம் சட்டையில் ஏதோ கறை பட்டுவிட்டதைப் போலத் தோன்றும்.

எங்கள் இருவரையும் மெட்ராசுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவர் தன் அம்மாவோடு போய் ஒரு மகளிர் விடுதியில் தங்கினார். நான் மண்ணடியில் ஓர் உறவினர் வீட்டில். நாங்கள் மெட்ராசில் இருந்தபோதே இயந்திரம் லாரியில் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தது. பயிற்சி முடிந்து நாங்கள் திரும்பி வந்து பார்த்தால், குளிர்சாதன அறையில் இயந்திரத்தோடு திட்ட அதிகாரியின் மேசை, உதவித் தலைவரின் மேசை, விருந்தாளிகளுக்கு ஒரு சோபா, இரண்டு பியூன்களுக்கு இரண்டு ஸ்டூல். துளை போடும் கருவிகள் இரண்டும் சரிபார்க்கும் கருவி ஒன்றும் ஒரு மூலையில் நெருக்கி வைக்கப்பட்டிருந்தன. என் பலகைக்கும் வயர்களுக்கும் இடம் இல்லாததால் எனக்கு வராந்தாவில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். சித்திரை வெயில் நேராக என் முதுகில் இறங்கியது. உள்ளே மைத்துனர் சால்வை போர்த்தியிருந்தார்.

ஆக, ஆட்கள் தயார், மேசைகள் தயார். டைப்பிஸ்ட் வேலையைத் தொடங்குவதற்காக அட்டைகள் எங்கே என்று கேட்டார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை கூட்டத்தில் அட்டை வாங்குவதைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை. எலி கடிக்காமல் பார்த்துக்கொள்கிற ஆள் அப்போதே வேலையில் சேர்ந்து சம்பளமும் வாங்கிவிட்டார். கடிக்க அட்டைதான் இல்லை.

கம்பெனிக்கு எழுதினால் அட்டை வர நாளாகும். மைத்துனர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஊருக்குள் அவருக்குத் தெரிந்த அச்சகம் ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம். அங்கே அதே அளவில் அட்டை வெட்டித் தரச் சொன்னார். அவர்களும் வெட்டித் தந்தார்கள். கொஞ்சம் தடிமனான, வழவழப்பான, இளமஞ்சள் அட்டை. தடிமன் ஒரு மயிரிழை கூடினாலும் இயந்திரம் ஏற்காது என்று நான் சொன்னேன். அட்டை கனமாக இருந்தால் உழைக்கும்தானே என்று அவர் கேட்டார். கட்டைக் கொண்டுபோய் அவரே இயந்திரத்தில் வைத்தார். நாலைந்து அட்டை உள்ளே போனது. பிறகு எலும்பைக் கடித்த மாதிரி ஒரு சத்தம். இயந்திரம் நின்றது. இன்ஜினியர் மெட்ராசிலிருந்து வந்து இடுக்கியால் ஒவ்வொரு துண்டாக உருவி எடுத்தார். ஒரு துண்டில் பிள்ளையார் தலை பாதி இருந்தது. அச்சகத்துக்காரர்கள், கெட்டுப்போன பத்திரிகைகளின் பின்பக்கத்தையும் வெட்டிச் சேர்த்திருக்கிறார்கள். இன்ஜினியர் அந்தத் துண்டை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சரியான அட்டை வந்து சேருவதற்குள் கோடை முடிந்துவிட்டது. இதற்கிடையில் முதலாளி ஜோசியரைப் பார்த்துத் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவர் தலைமை தாங்க ஒப்புக்கொண்டிருந்தார். நாள் குறித்த பிறகுதான், வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். விழாவுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பாக்கி இருந்தது. மைத்துனர் கமிட்டியைக் கூட்டினார். டைப்பிஸ்டையும் உள்ளே வரச் சொன்னார்கள்.

மைத்துனர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். அவர் முட்டாள் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தோப்பில் கொய்யா ஒரே சமயத்தில் பழுத்துவிட்டால் இரண்டு மடங்கு ஆளை இறக்குவார். பாதி நாளில் பறித்து முடிந்துவிடும். வாழ்நாளெல்லாம் அவர் இதைச் செய்து பார்த்திருக்கிறார், ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதே கணக்கைத்தான் இங்கேயும் போட்டார்.

"நாலு பேருக்கு ஆறு மாசமுன்னு இன்ஜினியர் சொன்னாருங்களா? அப்ப இருபத்துநாலு பேரைப் போட்டா ஒரு மாசந்தானுங்க" என்றார்.

மேனேஜர் தலையாட்டினார். தலைமைக் கணக்கரும் தலையாட்டினார். செலவு கூடுகிறது என்று அவருக்குச் சந்தோஷம்.

டைப்பிஸ்ட் தாழ்ந்த குரலில், துளை போடும் கருவி இரண்டுதான் இருக்கிறது என்று நினைவூட்டினார். மில்லில் நூல் நூற்கும் ஸ்பிண்டில் ராத்திரி பகலாக ஓடவில்லையா, அதைப்போல மூன்று ஷிப்டு போட்டால் போயிற்று என்றார் மைத்துனர். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. தோல் ஷாப்பில் வளர்ந்தவன் அல்லவா. "சார், தோலு சுண்ணாம்புத் தொட்டியில ஊற வேண்டிய நாள் ஊறித்தான் ஆகணும். தொட்டியைச் சுத்தி அம்பது பேரை நிக்க வச்சாலும் சீக்கிரம் ஊறாது" என்றேன். இது தோல் ஷாப் இல்லை, மில் என்று அவர் எனக்கு ஞாபகப்படுத்தினார். அவர் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் நானே எழுத வேண்டியிருந்தது.

கூடவே இன்னொரு முடிவும் எடுத்தார்கள். சரிபார்க்கிற இரண்டு பேர் எதற்கு? ஒருவர் அடித்ததையே இன்னொருவர் மறுபடி அடிப்பது வீண் வேலை. அவர்களையும் துளை போடவே அனுப்பிவிடலாம். இதைக் கண்டுபிடித்ததற்காக மேனேஜர் மைத்துனரைப் பாராட்டினார்.

அடுத்த வாரமே ஆட்கள் வந்து இறங்கினார்கள். நெய்க்காரப்பட்டியிலிருந்து மைத்துனரின் சகலையின் மகன், ஒட்டன்சத்திரத்திலிருந்து முதலாளியின் பங்காளி வீட்டுப் பிள்ளைகள், மேனேஜர் வீட்டுப் பக்கம் இரண்டு பேர், தலைமைக் கணக்கரின் மருமகன் ஒருவர். இயந்திரத்தை வெறுத்தவரே மருமகனை அதில் சேர்த்ததைப் பார்த்து நாங்கள் ஆச்சரியப்படவில்லை. எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான். 'ஏனுங்க அக்கா' என்று மரியாதையாகத்தான் டைப்பிஸ்டைக் கூப்பிட்டார்கள். ஆனால் அவர்களில் டைப் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒருவர், விசை அழுத்தியதும் துளை விழுகிற சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் கண்ணைச் சிமிட்டினார். உட்கார நாற்காலி போதாமல், பாதிப் பேர் சோபாவின் கையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதுவரை டைப்பிஸ்டும் ஏற்கெனவே இருந்த மூன்று பெண்களும் சேர்ந்து ஓரளவு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர் நாள் முழுக்கப் பாடம் நடத்தினார். கற்றுக்கொடுக்கிற நேரத்தில் அவரால் அட்டை போட முடியாது. கற்றுக்கொள்கிறவர் கருவியில் உட்கார்ந்திருக்கும்போது மற்ற மூன்று பேராலும் போட முடியாது. வாரக் கடைசியில் பார்த்தால், நான்கு பேர் இருந்தபோது ஆனதில் பாதிகூட ஆகியிருக்காது. இரவு ஷிப்டில் பெண்கள் வேலை செய்யச் சட்டம் இடம் தராது. அதனால் இரவில் அந்தப் பையன்கள் தாங்களாகவே தங்களுக்குத் தெரிந்த மட்டும் அடித்து வைப்பார்கள். காலையில் டைப்பிஸ்ட் வந்து அதைப் பிரித்துப் பார்த்து, கெட்டதைக் கிழித்துப் போடுவார். பிறகு அதற்கும் நேரம் இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் அவர் வராந்தாவுக்கு வந்து என் மேசையில் சாய்ந்து நின்றார். "பாய், செத்த நேரம் இங்க நின்னுக்கிறேன். உள்ள மூச்சு முட்டுது" என்றார். அந்த வெயிலில் நின்று காற்று வாங்கிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். விழாவைத் தள்ளிப்போடச் சொல்லி இரண்டு பேருமாகப் போய் மேனேஜரிடம் கேட்டோம். அழைப்பிதழ் அடித்தாயிற்றே என்றார் அவர். அதே அச்சகத்தில்தான் அடித்திருந்தார்கள்.

விழா நாளில் மில் வாசலில் வாழை கட்டினார்கள், நாதஸ்வரம் வைத்தார்கள். பந்தலில் தொழிற்சங்கத் தலைவருக்கும் மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். முதலாளி பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு, மனுசன் தப்புப் பண்ணலாம், மிஷின் பண்ணாது, மிஷின் பொய் சொல்லாது என்றார். நல்ல கைதட்டல்.

பிறகு ஜட்ஜைக் குளிர்சாதன அறைக்கு அழைத்து வந்தார்கள். ஏதாவது ஒரு பிரிவின் கணக்கைக் கேளுங்கள் என்றார் மைத்துனர். ஜட்ஜ், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவைக் கேட்டார். நான் பலகையைச் செருகி, பொத்தானை அழுத்தினேன். அட்டைகள் சரசரவென்று ஓடின. இயந்திரம் ஒரு சிக்கலும் இல்லாமல் அச்சடித்தது. மைத்துனரே தாளைக் கிழித்து, வெள்ளித் தட்டில் வைத்து ஜட்ஜிடம் நீட்டினார்.

ஜட்ஜுக்கு எதையும் சத்தமாகப் படிக்கிற வழக்கம். கோர்ட்டில் பழகியது. டோக்கன் எண்ணையும் வேலைக்கு வந்த நாளையும் வரிசையாகப் படித்தார். இருபத்துநாலு நாள். இருபத்தைந்து நாள். முப்பத்திரண்டு நாள். அங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். நாற்பத்திரண்டு நாள். பிறகு தாளை இறக்கி, முதலாளியிடம், "இது எந்த மாசத்துக் கணக்கு?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். இரவு ஷிப்டில் யாரோ சில அட்டைகளில் டோக்கன் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் ஒன்றைக் கூடுதலாக அடித்திருக்கிறார்கள். அதனால் அந்த அட்டைகளில் எல்லா எண்ணும் ஒரு கட்டம் நகர்ந்து, டோக்கனின் கடைசி எண் நாள் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. சரிபார்க்கிற இரண்டு பேர் இருந்திருந்தால் கருவி அங்கேயே நின்றிருக்கும். அவர்கள்தான் வீண் வேலை என்று ஒழிக்கப்பட்டவர்கள்.

ஜட்ஜ் படித்தது, விழாவுக்காகத் திறந்து வைத்திருந்த ஜன்னல் வழியாகப் பந்தல் வரைக்கும் கேட்டிருந்தது. மறுநாள் காலை கேட்டில் கூட்டம். சங்கத் தலைவர் ஒரு பஞ்சுப் பொதியின் மேல் ஏறி நின்றார்.

"மிஷின் பொய் சொல்லாதுன்னு மொதலாளியே மேடையில சொல்லிட்டாரு. நாப்பத்திரெண்டு நாளு வேலை பாத்தோமுன்னு மிஷினு சொல்லுது. அம்புட்டு நாளுக்கும் கூலி குடுங்க. இல்லேன்னா மிஷினு பொய் சொல்லுதுன்னு எழுதிக் குடுங்க" என்றார்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ரீலிங் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து, இந்த மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டுக்கொண்டார்கள். முதலாளிக்கு இரண்டில் எதையும் செய்ய முடியவில்லை. ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில், எல்லோருக்கும் சம்பளத்தோடு ஒரு நாள் விடுமுறை, இயந்திரத்தைக் காரணம் காட்டி யாரையும் வேலையைவிட்டு எடுப்பதில்லை என்று ஒப்பந்தமாயிற்று. அந்த இயந்திரத்தால் அந்த மில்லில் யாருக்காவது உடனடியாக நன்மை கிடைத்தது என்றால் அது சங்கத்துக்குத்தான்.

அடுத்தது விசாரணை. தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முதலாளி ஒரு விசாரணைக் கமிட்டி போட்டார். அதே மேனேஜர், அதே தலைமைக் கணக்கர், அதே மைத்துனர். மூன்று பேரும் தங்களைத் தவிர எல்லோரையும் விசாரித்தார்கள். கடைசியில் இரண்டு முடிவுக்கு வந்தார்கள். ஒன்று, பிரிவில் ஆள் போதவில்லை. இன்னும் பன்னிரண்டு பேர் வேண்டும். இரண்டு, டைப்பிஸ்ட் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டு எழுதித் தர வேண்டும்.

அவரைக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது நானும் குறிப்பெடுக்க அறையில் இருந்தேன். அவர் உட்காரவில்லை. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"கருவி ரெண்டு சார். ஆளு இருபத்துநாலு. ரெண்டு பேரு அடிக்கையில மிச்சப் பேரு என்ன செய்யணும்னு நான் மொதல்லயே கேட்டேன். நீங்க பதில் சொல்லல. இப்ப அதுக்கு நான் மன்னிப்பு எழுதணுமா?"

மைத்துனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டைப்பிஸ்ட் இன்னும் முடித்திருக்கவில்லை. "இன்னும் பன்னெண்டு பேரைச் சேருங்க சார். உக்கார எடமில்லன்னா அந்தக் கருவியையும் வெளிய தூக்கிப் போட்டுட்டு நல்லா வசதியா உக்காருங்க. நான் போறேன்" என்றார். சரிங்க சார் என்ற சொல்லைச் சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் வாசலைத் தாண்டிப் போனார். குறிப்பில் என்ன எழுதுவது என்று மேனேஜரைக் கேட்டேன். 'கூட்டம் இனிதே முடிந்தது' என்று எழுதச் சொன்னார்.

அந்த மாதக் கடைசியில் ஓர் அட்டைக்கட்டுகூட உருப்படியாக வரவில்லை. மற்ற மூன்று பெண்களும் அடுத்தடுத்து நின்றுவிட்டார்கள். ஒரு மத்தியானம் முதலாளி தனியாக வராந்தாவுக்கு வந்தார். பழனிப் பக்கத்துக்காரர், கோபத்திலும் மரியாதை குறையாது. என் முதுகில் அடித்த வெயிலைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தூங்கிக்கொண்டிருந்த உதவித் தலைவரைப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், நெசத்தைச் சொல்லுங்க. இதுக்கு எத்தனை ஆளு வேணும்?" என்று கேட்டார்.

இன்ஜினியர் சொன்ன அதே ஏழு பேர்தான் என்றேன். ஆறு மாதமும் அதேதான். அதில் ஒரு நாளும் குறைக்க முடியாது. அந்த ஏழில் முக்கியமானவர் நம்மிடம் இப்போது இல்லை என்றும் சொன்னேன். அவர் டிரைவரைக் கூப்பிட்டு மிஷன் பள்ளிக்கூடத் தெருவுக்கு வண்டியை விடச் சொன்னார்.

அங்கே என்ன பேசினார்கள் என்று டைப்பிஸ்ட் பிறகு எனக்குச் சொன்னார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் முதலாளி உட்கார்ந்தாராம். டீச்சரம்மா காபி கொடுத்தாராம். காபி ஆறிய பிறகுதான் முதலாளி வந்த விஷயத்தை எடுத்தாராம். பிறகு டைப்பிஸ்ட் தன் நிபந்தனைகளைச் சொன்னார். துளை போடுகிறவர்களைத் தானே தேர்ந்தெடுப்பது. சரிபார்க்கிற இரண்டு பேரை மறுபடி போடுவது. என் மேசையை உள்ளே கொண்டுவருவது. சோபாவை எடுத்துவிடுவது. அவர் உத்தரவில்லாமல் யாரும் அந்த அறைக்குள் வரக்கூடாது, முதலாளி உட்பட. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு முதலாளி சிரித்துவிட்டாராம்.

வந்து இறங்கிய பிள்ளைகளை என்ன செய்வது என்பது பாக்கி. ஊருக்கு அனுப்பினால் சொந்தத்தில் மனக்கசப்பு வரும். முதலாளி யோசித்து மாடியில் பெரிய அறை ஒன்றைக் காலி செய்து, புதிதாக ஒரு பிரிவு தொடங்கினார். திட்டப் பிரிவு என்று பெயர். மைத்துனர் அதற்குத் தலைவர். உதவித் தலைவர், பியூன்கள், எலி பார்க்கிறவர், செருப்பு பார்க்கிறவர் எல்லோரும் சோபாவோடு மேலே போனார்கள். அங்கே அவர்கள் வருங்காலத்தில் தேவைப்படும் ஆட்களைப் பற்றித் திட்டம் போட்டார்கள். பக்கத்து ஊர் மில்லிலிருந்தெல்லாம் மைத்துனரிடம் யோசனை கேட்டு வந்தார்கள். மதுரையில் வியாபாரிகள் கூட்டமொன்றில், ஆட்களைத் திட்டமிடுவது எப்படி என்று அவர் ஒரு மணி நேரம் பேசி மாலை வாங்கிக்கொண்டு வந்தார். இயந்திரத்தை வெற்றிகரமாக நிறுவியவர் என்று அறிமுகப்படுத்தினார்களாம். ஒரு வகையில் அது பொய்யில்லை. அவர் மாடிக்குப் போனதும்தான் அது ஓடத் தொடங்கியது.

கீழே நாங்கள் ஏழு பேர். ஆறு மாதம் பழைய கணக்கும் புதிய கணக்கும் சேர்த்து எழுதினோம். அலுப்புப் பிடித்த வேலை. முதல் மாதம் இரண்டும் எதிலும் ஒத்துவரவில்லை. நான் பலகையில் இரண்டு வயரை மாற்றிச் சொருகியிருந்தேன். அதைக் கண்டுபிடிக்கவே வெகுநாள் ஆயிற்று. டைப்பிஸ்ட் தன் மத்தியானச் சாப்பாட்டிலிருந்து எனக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் வெஞ்சனம் எடுத்து வைத்துவிட்டுப் போனார். நான்காம் மாதத்தில் வித்தியாசம் கைவிரலில் அடங்கியது. ஆறாம் மாதம் ஒன்றுமே இல்லை. தலைமைக் கணக்கர் பழைய கணக்கைத் தாமே ராத்திரியும் பகலும் கூட்டிப் பார்த்தார். ஒத்துப்போனது அவருக்கு வருத்தம்தான். அடுத்த மாதத்திலிருந்து இயந்திரக் கணக்கின்படியே கூலி என்று அறிவித்தார்கள்.

கூலி நாளன்று எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு தொழிலாளி வந்து நின்றார். ஸ்பின்னிங் பிரிவுக்காரர், அய்யலூர் பக்கம். தன் சீட்டை நீட்டி, ஒரு நாள் குறைகிறது, மிஷின் தின்றுவிட்டது, சங்கத்தில் சொல்லப்போகிறேன் என்று சத்தம் போட்டார். டைப்பிஸ்ட் எழுந்து ஜன்னலுக்குப் போனார். என்ன கிழமை குறைகிறது என்று பொறுமையாகக் கேட்டார். வியாழக்கிழமை என்றார் அவர். சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கு ஆட்டுச் சந்தைக்குப் போயிட்டேன் தாயி. மேஸ்திரி பாத்து ஆஜர் போட்டுருவாருன்னு இருந்தேன்" என்றார்.

பிறகு அந்தச் சந்தையில் கிடா என்ன விலைக்குப் போனது என்று டைப்பிஸ்ட் விசாரித்தார். விலையைக் கேட்டு அவரும் வருத்தப்பட்டார். இரண்டு பேரும் ஜன்னல் கம்பியின் இரு பக்கமும் நின்று ஆட்டைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். உள்ளே அட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன.